வெள்ளைத் துணியில் ஒரு மிளகாய் இலை

முப்பத்தெட்டு மணித்தியாலமாக நிஷாந்தினி யாரோடும் வாய் திறந்து பேசியிருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தேநீர் ஊற்றும்போதுதான் அது அவளுக்குப் புலப்பட்டது. கடைசியாகப் பேசியது சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு, ஒழுங்கை முனையில் இருக்கும் மஷூர் நானாவின் கடையில். தராசில் அவர் இன்னும் இரண்டு தக்காளியை வைக்கப் போக, "காணும் நானா" என்றாள். அதற்குப் பிறகு சொல் எதுவும் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவிலிருந்து அம்மா எடுப்பார். இந்த ஞாயிறு அண்ணாவின் மகளுக்குப் பிறந்தநாள். அழைப்பு வரவில்லை, படங்கள் வந்தன. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு இதயத்தை அழுத்திவிட்டுப் படுத்தாள்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக நாலாம் மாடியில் அந்த வீடு. மூன்று அறைகள். அண்ணா அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டபோது, வயது தாண்டிய பிள்ளை அந்த விண்ணப்பத்தில் அடங்காது என்றார்கள். அவளுக்கு வேறு வழி பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு அறைகளைப் பூட்டிவிட்டு மூன்றாவதில் மேசையைப் போட்டு வேலை செய்கிறாள்.

என்ன வேலை என்று யாரும் கேட்டால் "ஒன்லைன் வேலை" என்பாள். உண்மையில் அவளுடைய வேலை ஒரு கணினியாக இருப்பது.

'பயிர்க்கண்' என்று ஒரு செயலி. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் நஞ்சு மருந்தைக் குறைத்துப் பயிர் செய்யப் பழகுகிறவர்களுக்காக, வெளிநாட்டு உதவியில் தொடங்கப்பட்டது. மண்ணைப் பற்றியும் நீரைப் பற்றியும் சிறு சிறு வீடியோப் பாடங்கள் அதில் இருக்கும். பயிருக்கு நோய் வந்தால் இலையைப் படமெடுத்து அனுப்பலாம். கணினி பார்த்து, இன்ன நோய், இன்னது செய்யுங்கள் என்று வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போன்ற ஒரு ஆண்குரலில் பதில் சொல்லும். அப்படித்தான் விவசாயிகளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பணம் கொடுக்கிறவர்களுக்கும் அப்படித்தான்.

கணினிக்கு அவ்வளவு பழக்கம் வரவில்லை. புள்ளி விழுந்த எந்த இலையைக் காட்டினாலும் தக்காளி என்றது. செயலியை நடத்தும் டெரிக், கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்துக்கு மேல் இருந்த தன் அலுவலகத்துக்கு அவளைக் கூப்பிட்டார். தாவரவியல் பட்டதாரி ஒருத்தி மூன்று மாதத்துக்கு மட்டும் படங்களைப் பார்த்துப் பதிலை அழுத்தட்டும், அதைப் பார்த்துக் கணினி படித்துக்கொள்ளும் என்றார். வெளியில் யாருக்கும் சொல்லக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கினார். "நாங்க பொய் சொல்லேல்ல நிஷாந்தினி, கொஞ்சம் முந்திச் சொல்லுறம், அவ்வளவுதான்" என்று சிரித்தார். அது பதினாலு மாதத்துக்கு முந்திய கதை. கணினி இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது.

வேலை அவளுக்குப் பொருந்தித்தான் போனது. பல்கலைக்கழகத்தில் வாய்மொழிப் பரீட்சைக்கு நின்றபோது, விடை தெரிந்தும் குரல் தொண்டைக்குள் இறங்கிவிட, எதிரே இருந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இங்கே குரலே தேவையில்லை. திரையின் இடது பக்கம் இலை வரும், வலது பக்கம் நாற்பதுக்கு மேற்பட்ட பொத்தான்கள் இருக்கும். ஒன்றை அழுத்தினால் மற்றதை அந்தச் செய்தி வாசிக்கும் குரல் பார்த்துக்கொள்ளும்.

அவள் எதிர்பாராதது ஒன்றும் அதில் இருந்தது. நோயைப் பற்றிச் சொல்வதற்காகச் செயலியில் ஒலிப்பதிவுக்கு ஒரு இடம் வைத்திருந்தார்கள். கேட்பது மெசின்தானே என்ற துணிவில் ஆட்கள் அதில் என்னவெல்லாமோ சொன்னார்கள். ஒருவர் தன் மருமகனைத் திட்டினார். இன்னொருவர் கத்தரி இலையை அனுப்பிவிட்டு, இந்தமுறை தேர்தலில் யார் வெல்லுவார் என்று கேட்டார். இரவில் பதில் வராததால், மெசினுக்கும் படுக்கை வேணுமோ என்று ஒரு பெண் நையாண்டி செய்தாள். சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிஷாந்தினி இவற்றைக் கேட்பாள். மேசைக்கு எதிரே ஒரு வீட்டார் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல இருக்கும்.

அவர்களில் அவள் காத்திருந்து கேட்ட குரல் இராமலெட்சுமியுடையது. நெடுங்கேணிப் பக்கம் அரை ஏக்கரில் மிளகாய் செய்கிறவர். தகப்பன் காலத்தில் ஹட்டன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்த குடும்பம். இத்தனை வருடமாகியும் பேச்சு மலையகப் பேச்சாகவே இருந்தது. மகள் கட்டுநாயக்காவில் ஒரு தையல் தொழிற்சாலையில். வீட்டில் வேறு ஆளில்லை. முதன்முதலாகச் செயலியைத் திறந்த அன்று, நோயைச் சொல்வதற்கு முன்பே, "மெசினு, நீ சாப்புட்டியா?" என்று கேட்டு, தானே விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பதில் சொல்ல ஒரு பொத்தான் இருக்கவில்லை.

இந்தப் போகத்தில் அவரும் அயலில் எட்டு வீட்டாரும் ஒன்றாகச் சேர்ந்து, பூச்சிகொல்லிப் போத்தலைத் தொடுவதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அப்படி விளைந்த மிளகாயை நல்ல விலைக்கு எடுக்கக் கொள்ளுப்பிட்டியில் ஒரு கடை சம்மதித்திருந்தது. ஒருவர் அடித்தாலும் ஒன்பது பேருடையதும் போய்விடும். பக்கத்துக் காணிக்காரர் இதை நம்பித் தேனீப் பெட்டிகளையும் கொண்டுவந்து வைத்திருந்தார்.

திங்கட்கிழமை முதலாவதாக வந்த படம் இராமலெட்சுமியுடையது. வெள்ளைத் துணியில் ஒரு மிளகாய் இலை. இஸ்திரிப் பெட்டி போட்டதுபோல மட்டமாகக் கிடந்தது.

நிஷாந்தினி நாற்காலியைத் திரைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

படமெடுக்கும் முறையைச் சொல்லும் பாடத்தில், ஒரு இலையைக் கிள்ளி வெள்ளைத் துணியில் வைத்து எடுக்கவும் என்று இருந்தது. கணினிக்கு அதுதான் வசதி. சுருண்ட இலையைத் துணியில் வைத்தால் பந்துபோலக் கிடக்கும், ஒன்றும் விளங்காது. அப்படி வரும் படங்களுக்கு அவள் 'தெளிவில்லை' என்ற பொத்தானை அழுத்துவாள். கொஞ்ச நாளில் ஊரில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். இலையைப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்துக்குள் வைத்து, மேலே அரிசி வாளியை ஏற்றி, தட்டையானதும் எடுத்து அனுப்பினால் மெசின் முறைக்காது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். எந்த நோய் என்று சொல்வதே அந்தச் சுருள்தான். அதைத்தான் பக்குவமாக அழித்துவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் அது சாறு உறிஞ்சும் பனிப்பூச்சி. வேப்பெண்ணெய் போதும். கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. கண்ணுக்குத் தெரியாத சிலந்தி இனம் அது. தண்ணீரில் கரைத்த கந்தகத்துக்கு அடங்கும். பூச்சிகொல்லிக்கு அடங்காது. அடித்தால் அதைத் தின்கிற நல்ல உயிர்கள்தான் சாகும், சிற்றுண்ணி நாலு மடங்காகும். தோட்டம் பத்து நாளில் கருகும். இந்தத் தட்டை இலையில் மடிப்புக் கோடுகள் இருந்தன. எந்தப் பக்கத்து மடிப்பு என்று எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் தெரியவில்லை.

ஒலிப்பதிவைத் திறந்தாள்.

"இந்தா பாரு மெசினு, இது நாலாவது வாட்டி. மத்தவங்க சொன்ன மாதிரி எலய பொஸ்தகத்துல வச்சு அமுக்கித்தான் எடுத்திருக்கேன். இதுக்கு மேல தெளிவா வேணும்னா நீதான் வந்து எடுத்துக்கணும். செடி சுருட்டிக்கிட்டே போவுது. கடைக்காரரு போத்தலு குடுத்துட்டாரு, எல்லாத்துக்கும் கேக்குமாம். நாளைக்கு விடிய அடிச்சிருவேன். மத்தவங்க ஏசுனா ஏசட்டும். ஒன் மூஞ்சிய பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா எனக்கு யாரு சோறு போடுவா?"

சாப்பிட்டாயா என்று இந்தமுறை கேட்கவில்லை.

நிஷாந்தினி பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இன்ன நோய், இன்னது செய்யுங்கள், மீண்டும் படமெடுங்கள். எல்லாம் பதில்கள். 'இலை எந்தப் பக்கமாகச் சுருளுகிறது?' என்று திருப்பிக் கேட்க ஒரு பொத்தானும் இல்லை. மெசின் கேள்வி கேட்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. பாடம் அனுப்பும் வசதி இருந்தது. இலைச் சுருளைப் பற்றிய பாடத்தில் இரண்டு வகைக்கும் படம் உண்டு. அதை அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "நா மருந்து கேட்டா நீ பாடம் நடத்துற. பள்ளிக்கூடம் போன காலத்துலயே எனக்குப் பாடம் ஏறல."

பாடம் திறக்கப்படவில்லை என்று திரை காட்டியது.

டெரிக்குக்கு எழுதினால் மாலைதான் பார்ப்பார் என்பதால் தொலைபேசி எடுத்தாள். கொள்ளுப்பிட்டியில் ஏதோ ஹோட்டலில் இருந்தார். பின்னால் கரண்டிகள் கோப்பையில் படும் சத்தம். "டெரிக் அண்ணா" என்று தொடங்க, குரல் பாதி காற்றாக வந்தது.

"என்ன, தடிமனா, குரல் அடைச்சிருக்கு?" என்றார்.

இல்லையென்று சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னாள். ஒரேயொரு தடவை அந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து ஒரேயொரு கேள்வி கேட்க விடுங்கள் என்றாள். டெரிக் குறுக்கே பேசாமல் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. போன வருடம் பணம் பிந்தியபோது தன் மோட்டார் சைக்கிளை விற்று எல்லோருக்கும் சம்பளம் கொடுத்தவர். புதன்கிழமை பணம் கொடுக்கிறவர்கள் பார்க்க வருகிறார்கள் என்றார். மெசின் என்று சொல்லித்தான் அடுத்த மூன்று மாவட்டத்துக்கும் பாடங்கள் போகப்போகின்றன. ஒரு ஆளுக்குத் தெரிந்தால் பின்னேரத்துக்குள் முழு வன்னிக்கும் தெரிந்துவிடும்.

"ரெண்டில ஒண்டை அமத்துங்கோ" என்றார். "பாதிக்குப் பாதி சரி வரும்."

"பிழைச்சா?"

"பிழைச்சா மெசின் பிழைச்சது. உங்களை யார் கேக்கப் போறது?"

ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் சரி என்று வைத்துவிட்டாள்.

பகல் முழுவதும் வேறு இலைகள் வந்தன. வெண்டி, பயற்றை, வாழை. அழுத்திக்கொண்டே இருந்தாள். பனிப்பூச்சி என்ற பொத்தானுக்கு மேல் இரண்டு தடவை விரலை வைத்து எடுத்தாள். சிற்றுண்ணிக்கு மேல் ஒரு தடவை. எதை அழுத்தினாலும் இன்று அந்த அம்மா நம்பமாட்டார். மூன்று தடவை 'தெளிவில்லை' என்று சொல்லிவிட்ட மெசின் போத்தலைக் கண்டதும் ஒன்றைச் சொன்னால், ஒரு குழந்தையும் நம்பாது.

படத்துக்கு மேல் மூலையில் பதிவு செய்தவரின் தொலைபேசி இலக்கம் சிறிய எழுத்தில் இருக்கும். பதினாலு மாதமும் அது அவள் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது.

பின்னேரம் ஐந்து மணிக்கு மேசையை விட்டு எழுந்து கூடத்துக்குப் போனாள். பிளாஸ்டிக் உறையோடு இருந்த சோபாவைப் பார்த்துக்கொண்டு பழகிப் பார்த்தாள். விவசாயத் திணைக்களத்திலிருந்து கதைக்கிறேன். இல்லை, அது பொய். பக்கத்து ஊரிலிருந்து கதைக்கிறேன். அதுவும் பொய். அவள் தோட்டம் ஒன்றில் கால் வைத்ததே மாணவியாக இருந்தபோது இரண்டு தடவைதான், அதுவும் பஸ்ஸில் போய். கடைசியில் உள்ளதில் பாதியைச் சொல்லலாம் என்று முடிவெடுத்துத் தன் சொந்தத் தொலைபேசியில் இலக்கத்தை அழுத்தினாள்.

"யாரு?"

ஒலிப்பதிவில் கேட்ட அதே குரல். ஆனால் இதில் சிரிப்பு இல்லை. தெரியாத இலக்கத்துக்கு எடுக்கும் குரல்.

"பயிர்க்கண்ணில இருந்து கதைக்கிறன் அம்மா. உங்கட மிளகாய் இலை..."

"என்னாத்த விக்கிறீங்க?"

"விக்கேல்ல அம்மா, ஒரு கேள்வி மட்டும்..."

"பயிர்க்கண்ணு மெசினும்மா. அதுல ஆளு கெடையாது. மீட்டிங்குலயே சொல்லிக் குடுத்தாங்க. போன மாசம் இப்படித்தான் ஒருத்தி, ஒங்களுக்கு லொத்தர் விழுந்திருக்கு, பேங்க் நம்பரச் சொல்லுங்கன்னா. வேற ஆளப் பாருங்க."

வைத்துவிட்டார்.

கடற்கரைப் பாதையில் ஆறு மணி ரயில் போக, ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்து அடங்கின. போதும் என்று நினைத்தாள். முயன்றாயிற்று. முயலவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சொல்வதற்குத்தான் யாரும் இல்லையே.

இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. டெரிக்கிடம் அதைச் சொல்லவில்லை, தன்னிடமே அதுவரை சொல்லிக்கொள்ளவில்லை. வேலை போவது ஒரு பக்கம். மெசினுக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தால், அதற்குப் பிறகு யாரும் அந்த ஒலிப்பதிவில் மருமகனைத் திட்ட மாட்டார்கள். தேர்தலைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். நோயைச் சொல்லி, வணக்கம் சொல்லி, மரியாதையாக முடித்துக்கொள்வார்கள். சாப்பாட்டு நேரத்தில் இந்த வீட்டுக்குள் வரும் குரல்களெல்லாம் ஒரே நாளில் நின்றுபோகும்.

மேசைக்குத் திரும்பினாள். திரையில் ஒரு புதிய ஒலிப்பதிவு வந்திருந்தது. படம் இல்லாமல். இராமலெட்சுமி.

"மெசினு, இத கேட்டுக்க. இப்ப ஒரு பொண்ணு ஒன் பேரச் சொல்லிக்கிட்டு எனக்குப் போன் பண்ணுனா. நா வச்சுட்டேன். கொரலு நடுங்குது, சரியான திருட்டுக் கொரலு. ஒன் பேர வச்சு ஊர ஏமாத்தப் போறா. ஒம் மேல எனக்குக் கோவந்தான், இல்லேங்கல. அதுக்காக சொல்லாம இருக்க முடியுமா? நீ கொஞ்சம் சூதானமா இருந்துக்க."

நிஷாந்தினி அதை இரண்டாம் தடவையும் கேட்டாள். கோபத்தோடு இருக்கிற ஒரு மனுஷி, நாளைக்கு விடியக் கைவிடப்போகிற ஒரு மெசினைக் காப்பாற்றுவதற்காக நேரம் எடுத்து, டேட்டா செலவழித்து, எச்சரித்திருந்தார்.

பழகிப் பார்க்கவில்லை. அப்படியே எடுத்தாள்.

"மறுபடியும் நீயா?"

"வைக்காதீங்கோ அம்மா. ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. செடியில இருக்கேக்க இலை மேல்பக்கமாச் சுருளுதா, கீழ்ப்பக்கமாவா? கீழ எண்டால் அந்தப் போத்தலை அடிக்கவே கூடாது. தோட்டம் முழுக்கப் போயிடும்."

"ஏன், ஒன்ட போத்தலத்தான் வாங்கணுமோ?"

"என்னட்ட போத்தல் இல்லை."

"அப்ப எம்மேல என்னா அக்கற? கொரல பாரு, இன்னும் நடுங்குது."

"ஓம். நடுங்குதுதான்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "திருட்டுக் குரல் எண்டு இப்பதான் மெசினுக்குச் சொன்னீங்கள். சூதானமா இருக்கச் சொன்னீங்கள்."

அந்தப் பக்கத்தில் ஒரு கோழி கொக்கரித்தது, யாரோ மண்வெட்டியைத் தரையில் போட்டார்கள்.

"அத நா மெசினுக்குத்தானே சொன்னேன்" என்றார் இராமலெட்சுமி மெதுவாக. "வீட்டுக்குள்ள இருந்து சொன்னேன். பக்கத்துல ஒரு ஈ காக்கா கெடையாது."

"ஓம் அம்மா."

"எல எந்தப் பக்கம் சுருளுதுன்னு இந்தா செடிக்கிட்ட போயி பாத்துச் சொல்றேன், அது பெரிய காரியமில்ல. மொதல்ல நீ யாருன்னு சொல்லு. மெசினுக்குச் சொன்னது ஒனக்கு எப்படிப் போச்சு?"

நிஷாந்தினி எழுந்து கூடத்துக்கு வந்தாள். பூட்டிய அறைகளின் கதவுகள் எதிரே இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு, அந்த வீட்டில் அதுவரை பேசாத அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

"மெசின் எண்டு ஒண்டும் இல்லை அம்மா. பதினாலு மாசமா உங்கட இலையெல்லாம் பார்க்கிறது நான்தான். நீங்கள் சொல்லுறதெல்லாம் கேட்டுக்கொண்டு இருக்கிறதும் நான்தான்."